டெபோராவின் பனிப்பயணம்

சேலத்தில் கம்பளி உள்ளாடை வாங்குவது அவ்வளவு எளிதில்லை மேடம். நானும் என் தங்கை டெபோராவும் போன வருடம் ஒரு சனிக்கிழமை முழுவதும் அதற்காக நான்கு கடை ஏறி இறங்கினோம். அக்டோபர் கடைசி, ஆனாலும் வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் கடையில் ஏற்காடு போகிறவர்கள் வாங்கும் குரங்குக் குல்லாயை எடுத்துப் போட்டார்கள். இரண்டாவது கடைக்காரர் கொஞ்சம் வயதானவர். "எந்த ஊருக்குப் போறீங்க சாமி?" என்று கேட்டார்.

"பின்லாந்துங்க. முப்பது டிகிரி. நம்மூரு மாதிரியேதானுங்க, முன்னால ஒரு மைனஸ் மட்டும் இருக்கும்" என்றாள் டெபோரா.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்காவது கடையில் சரக்கு கிடைத்தது. சாம்பல் நிறம், கழுத்துவரை மூடுகிற மாதிரி. அளவு சரியா என்று அவள் முதுகில் வைத்துப் பார்த்தது நான்தான். அப்போது அவள் பையில் இருந்த மாத்திரை, மாத்திரையே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நீங்கள் போன வாரம் நடந்ததைக் கேட்கிறீர்கள். அதை மட்டும் தனியாகச் சொன்னால் தப்பாகப் புரிந்துவிடும். அதனால் முன்னாலிருந்து வருகிறேன்.

என் பெயர் அக்சிலியா. வயது நாற்பத்து மூன்று. சூரமங்கலத்தில் வீடு, இருபது வருடம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். டெபோரா என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அப்பா பிரான்சிஸ் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் பெண்பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியாது. நான் பின்னினேன்.

ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது டெபோரா விழுந்தாள். வலிப்பு. அதற்குப் பிறகு பதினான்கு வருடம் விழுந்துகொண்டே இருந்தாள். கோயிலில், பேருந்தில், குளியலறையில். இருநூறு தடவைக்கு மேல் இருக்கும். முதலில் இடது கண்ணிமை துடிக்கும். பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், கதவு கீல் எண்ணெய் இல்லாமல் திரும்புகிற மாதிரி. அந்தச் சத்தத்துக்கும் அவள் தரையில் சாய்வதற்கும் நடுவே மூன்று நொடி இருக்கும். அந்த மூன்று நொடியில் நான் எங்கிருந்தாலும் வந்து பிடித்திருக்கிறேன். பிடித்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, அவள் கண் திறக்கும்போது என் முகம் முதலில் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். "அக்கா, எங்க இருக்கேன்?" என்பாள். "எங்கிட்டத்தான் இருக்கற சாமி" என்பேன்.

எனக்கு இருபத்தாறு வயதில் தம்மம்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. சேவியர்ராஜ் என்று ஒரு வாத்தியார். பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றார். தங்கையைக் கன்னியர்கள் நடத்தும் விடுதியில் விட முடியுமா என்று அவருடைய அம்மா கேட்டார். முடியாது என்று சொன்னேன். இதை நான் யாருக்கும் சொல்லிக் காட்டியதில்லை. டெபோராவுக்கு மட்டும் சில தடவை சொல்லியிருக்கிறேன்.

அப்பா இறந்த பிறகு நாங்கள் இரண்டே பேர். பிறகு டாக்டர் வித்யா வந்தார். புது மருந்து எழுதினார், காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. டெபோரா விழுவது நின்றுவிட்டது. ஆறு வருடம் ஒரு தடவைகூட இல்லை. அந்த ஆறு வருடம் எனக்கு எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவள் வேலைக்குப் போனாள். ஆட்டையாம்பட்டியில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி. அவளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலை. ஸ்கூட்டர் ஓட்டப் பழகினாள். டாக்டரே ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். மல்லசமுத்திரத்திலிருந்து வருகிற ரஞ்சிதா என்ற பெண் கூட்டாளியானாள். விவசாயக் குடும்பம், வாய் ஓயாத பிள்ளை. ஒருநாள் பின்லாந்திலிருந்து கம்பெனிக்கு வந்த அம்மாள் ஒருத்தி, தன் ஊர் ஏரியின் படத்தைக் காட்டினாளாம். டிசம்பரில் ஏரி முழுக்க உறைந்துவிடும், அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போகலாம் என்றாளாம். ஊர் பெயர் இனாரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்த டெபோரா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, தண்ணி மேல நடக்கலாமாம்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. வரைபடம், பட்டியல், காகிதம். எத்தனை அடுக்கு உடை போட வேண்டும், கையுறைக்குள் இன்னொரு கையுறை எப்படிப் போடுவது, கலைமான் இழுக்கிற வண்டி, கண்ணாடிக் கூரை போட்ட அறை, வானத்தில் பச்சை வெளிச்சம் வந்தால் எழுப்பிவிடுகிற மணி. கூடப் போவதாக இருந்த ரஞ்சிதா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அங்கே தங்கப்போகிற இடத்து வீட்டுக்காரம்மாளுக்குக் கொடுக்க ஆட்டையாம்பட்டி முறுக்கு எத்தனை பொட்டலம் எடுத்துப்போவது என்று இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

நான் தடுத்துப் பார்க்காமல் இல்லை மேடம். அங்கே டிசம்பரில் சூரியனே உதிக்காது என்று சொன்னேன்.

"மத்தியானம் கொஞ்ச நேரம் நீலமா ஒரு வெளிச்சம் வருமாம்க்கா. அது போதும்."

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இல்லாமல் போவதா என்றேன்.

"அங்கயும் கோயில் இருக்குதுக்கா. நீயும் வர்றியா?"

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் பட்டியலைத் திருப்பிக்கொண்டாள். ஒரு தடவைதான் கேட்டாள். இரண்டாவது தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நான் யோசித்ததுண்டு.

டாக்டர் வித்யாவிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். "தூக்கம் கெடாம, மாத்திரை விடாமப் பாத்துக்கிட்டா ஒண்ணும் ஆகாதும்மா. நீங்க பயப்படாதீங்க" என்று சொல்லி, மருந்தை விமானத்தில் கொண்டுபோக ஒரு கடிதமும் கொடுத்தார். பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் போய்வரட்டும் என்று கழுத்தில் போட்டுக்கொள்ள மந்திரித்த சுரூபம் ஒன்று கொடுத்தார். கடை முதலாளியிடம்கூடச் சொன்னேன். அவர் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் சொன்னது சரிதான். அத்தனை பேர் சரியாகச் சொல்லும்போது, ஒருத்தி மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் போல உதவியற்ற நிலை வேறில்லை. யாரிடமும் சொல்ல எனக்கு ஒரு காரணம்கூட இல்லை.

ஒரு சாயங்காலம் அவள் போனில் மணி அடித்தது. மாத்திரை நேரமாக இருக்கும் என்று பார்த்தால், நாலரை மணிதான் ஆகியிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"நான் மாத்திரை போடற நேரம் நம்மூர்ல எட்டு மணின்னா அங்க நாலரைக்கா. இங்கிருந்தே கொஞ்சம் கொஞ்சமா நேரத்த மாத்தறது எப்படின்னு டாக்டர்கிட்ட கேட்டு அலாரம் வெச்சுப் பாத்தேன். நீ ஒண்ணும் ஞாபகப்படுத்த வேண்டாம்."

இருபது வருடத்தில் அவள் மாத்திரைக்கு என்னைக் கேட்காமல் நேரம் வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் அதை எனக்குச் சந்தோஷமான செய்தியாகத்தான் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று மறந்துவிட்டது.

ஆனால் மாத்திரைப் பெட்டியை நிரப்புகிற வேலை இன்னும் என்னிடம் இருந்தது. ஏழு நாளுக்கு ஏழு அறை, ஒவ்வொன்றிலும் காலை, சாயங்காலம் என்று இரண்டு பிரிவு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நிரப்பிவிடுவேன். அவள் மூடியைத் திறந்து எடுத்துப் போட்டுக்கொள்வாள். அதைப் பார்க்கக்கூட மாட்டாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மருந்துக்கடையில் இருபது வருடம் இருந்தவளுக்கு, ஒரு வெள்ளை மாத்திரையைப் போலவே இருக்கிற இன்னொரு வெள்ளை மாத்திரை எது என்று தெரியும். சத்து மாத்திரைதான். கெடுதல் எதுவும் இல்லாதது. அக்டோபர் மூன்றாம் ஞாயிறு, சாயங்கால அறைகளில் மட்டும் அதைப் போட்டேன். காலை அறைகளைத் தொடவில்லை. நான் அளவு தெரியாதவள் இல்லை.

என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு சின்ன வலிப்பு. வீட்டில், என் கண் முன்னால், மெத்தை மேல். டாக்டர் ஆறு மாதம் பயணம் கூடாது என்று எழுதுவார். டெபோரா இரண்டு நாள் அழுவாள். பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவ்வளவுதான் என் திட்டம். அவர்கள் வைத்திருந்த திட்டத்தைவிட இது எவ்வளவோ சின்னது.

ஏற்பாடுகளைச் சரியாகச் செய்தேன். கட்டிலின் மூலைகளில் பழைய விரிப்பைச் சுருட்டிக் கட்டினேன், முழங்கால் இடிக்கிறது என்று சொல்லி. குளியலறையில் ரப்பர் மிதியடி போட்டேன். தாழ்ப்பாள் கெட்டுவிட்டது என்று கழற்றி வைத்தேன். ஸ்கூட்டர் சாவியை ஒளித்துவைத்துவிட்டுத் தொலைந்துபோனது என்றேன். அவள் பேருந்தில் போனாள். பேருந்தில் விழுந்தாலும் சீட்டில்தானே விழுவாள்.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அவள் பாட்டுப் பாடிக்கொண்டு சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் போய்க் கம்பளி வாங்கியது அந்த நாட்களில்தான். நான் கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அவள் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவளுடைய இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னக்கா அப்படிப் பாக்கற?" என்பாள். "ஒண்ணுமில்ல சாமி" என்பேன். நவம்பர் முதல் ஞாயிறு, காலை அறைகளையும் மாற்றினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நடுவில் விசாவுக்குக் கைரேகை கொடுக்க அவளும் ரஞ்சிதாவும் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கும் உண்மையான மாத்திரையை வைத்து அனுப்பினேன். ரயிலில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொடுத்தேன். இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். கெட்ட எண்ணம் இருந்தவள் இதைச் செய்திருப்பாளா?

விசா வந்துவிட்டது. டிசம்பர் பதினெட்டாம் தேதி விமானம்.

நவம்பர் கடைசி வாரம், வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி. டெபோரா ஆட்டையாம்பட்டியில் பேருந்தைவிட்டு இறங்கி, சாலையைக் கடப்பதற்காக ஓரமாக நின்றிருக்கிறாள். நூல் மூட்டை ஏற்றிய ஒரு மினி லாரி வந்திருக்கிறது. மெதுவாகத்தான் வந்திருக்கிறது. அவள் அதன் முன்னால் விழுந்தாள். முன்சக்கரத்தின் விளிம்பு தலையில் பட்டது.

எனக்குப் போன் வந்தபோது நான் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டிரைவரை உட்காரவைத்திருந்தார்கள். மல்லசமுத்திரம் அர்த்தநாரி. சனங்கள் அடித்ததில் புருவம் கிழிந்து, சட்டையெல்லாம் இரத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மிணி, நான் மெதுவாத்தானுங்க வந்தேன். பொண்ணு ஓரமாத்தானுங்க நின்னுச்சு. திடீர்னு ஒரு சத்தம் போட்டுச்சுங்க. அப்படியே மரம் சாயற மாதிரி முன்னால உழுந்திருச்சுங்க. எம் புள்ளைக மேல சத்தியமுங்க."

"என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"கதவு திறக்கற மாதிரிங்க."

சுற்றி நின்றவர்கள் அவரை உட்காரடா என்று அதட்டினார்கள். நான் உள்ளே போனேன்.

டாக்டர் வித்யாவும் ஓடி வந்திருந்தார். "மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சாம்மா?" என்றார். "இல்லீங்க டாக்டர். பெட்டிய நானே ரொப்பறேன். ஒரு நாள்கூட அறை காலியா இருந்ததில்ல" என்றேன். அது ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தலை உடைந்து கிடக்கிறவளுக்கு அன்று வேறு ஆயிரம் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. இரத்தத்தில் யாரும் அந்த மருந்தைத் தேடவில்லை.

மத்தியானம் ஒரு போலீஸ்காரர் காகிதத்தோடு வந்தார். அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டிவந்து என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். போட்டேன். அந்தக் காகிதம் உங்கள் கேஸ் கட்டுக்குள் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அர்த்தநாரிமேல் தவறு இல்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. அவர் ஒன்றரை மாதம் உள்ளே இருந்தார், லைசென்ஸும் போய்விட்டது. இப்போது மூட்டை தூக்குகிறார். கேஸ் இன்னும் முடியவில்லை.

டெபோராவை ஜனவரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பக்கம் அசையவில்லை, பேச்சு இல்லை. மூக்கு வழியாகக் குழாயில் உணவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நான் வேலையை விட்டுவிட்டேன். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து குழாயில் விடுவேன், உண்மையான மாத்திரையை, நேரம் தவறாமல். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் மேடம், அந்த மூன்று மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் மாதம் ஒரு காலையில், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு தூக்குப்போசி. "நான் அர்த்தநாரி சம்சாரமுங்க. அத்தாயி" என்றாள்.

புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"எங்கூட்டுக்காரரு தெரிஞ்சு பண்ணலீங்க. ஆனா அவரு வண்டியிலதானுங்க பொண்ணுக்கு இப்படி ஆச்சு. ஊட்ல இருந்தா மனசு தாங்கலீங்க. வாரத்துல மூணு நாளு வந்து புரட்டிப் போட, துணி தொவைக்க ஒத்தாசையா இருக்கறனுங்க. வேண்டாம்னு சொல்லிராதீங்க."

வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. சொல்வதற்கு என்ன காரணம் காட்டுவேன்? மல்லசமுத்திரத்திலிருந்து பேருந்தேறி வருவாள். விளக்கெண்ணெயைச் சூடுபண்ணி டெபோராவின் காலை நீவிவிடுவாள். நீவும்போது எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள், மரவள்ளிக் காட்டில் எலி புகுந்தது, மருமகள் கோபித்துக்கொண்டு போனது என்று. அத்தாயி நீவினால் டெபோராவின் பெருவிரல் அசையும். நான் நீவினால் அசையாது. காட்டுவேலை செய்த கை, அழுத்தம் கூட இருக்கும். அதுதான் காரணம்.

மே மாதம் குழாயை எடுத்தார்கள். ஜூனில் டெபோரா முதல் சொல்லைச் சொன்னாள். "தண்ணி." அத்தாயியிடம் சொன்னாள். நான் அப்போது துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வருவதற்குள் அத்தாயி தண்ணீர் கொடுத்து முடித்திருந்தாள். "பேசிட்டா அம்மிணி, பேசிட்டா" என்று அவள் அழுதாள். நானும் அழுதேன். பயிற்சி கொடுக்க வருகிறவர், ஒரு வருடத்தில் உட்கார்ந்துவிடுவாள், பேச்சும் வந்துவிடும் என்றார்.

ஆகஸ்டில் ரஞ்சிதா வந்தாள். அதற்கு முன்பும் வருவாள், அழுதுவிட்டுப் போவாள். அந்த முறை அழவில்லை. லேப்டாப்பைத் திறந்து கட்டிலில் வைத்தாள்.

"டெபோ, இங்க பாரு. சக்கர நாற்காலியோடவே அந்த மான் வண்டில ஏத்திக்கறாங்களாம். அந்த வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டேன். இந்த டிசம்பர் வேண்டாம். அடுத்த டிசம்பர். அதுக்குள்ள நீ உக்காந்துருவ. ரெண்டு பேரும் போறோம்."

டெபோராவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு. அசைகிற கையை மெல்லத் தூக்கித் திரையில் இருந்த ஏரிமேல் வைத்தாள். "இ... னா... ரி" என்றாள்.

"அது எங்க இருந்தா என்ன, போயிட்டு வா சாமி" என்றாள் அத்தாயி. "நீங்களும் வாங்கக்கா" என்று ரஞ்சிதா என்னிடம் சொன்னாள். பிறகு மூவரும் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அந்த அறையில் செய்ய ஒரு வேலையும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நிரப்பினேன். இரண்டு பிரிவையும்.

நீங்கள் கேட்டது இதுதான். ஆமாம். இரண்டாவது தடவையும் நான்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாருக்கும் தெரியாது. இந்த முறை விழுவதற்குக்கூட இடமில்லையே, படுத்துத்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன். பயணத்தைப் பற்றி யாரும் பேசாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை வலிப்பு வந்தது. ஒன்று நின்றதும் அடுத்தது. நான் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தன்னால் நிற்கும் என்று இருந்தேன். பதினைந்து நிமிடம் இருக்கும். அத்தாயி உள்ளே வந்து பார்த்துவிட்டு என்னைத் தள்ளிவிட்டு, அவளைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஆட்டோவை மறித்தது அவள்தான். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

டாக்டர் வித்யா இந்த முறை இரத்தத்தைச் சோதித்தார். மருந்து துளியும் இல்லை என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார். மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார், ஒரு மாத்திரையை எடுத்து விளக்கில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போது டெபோரா கண்ணைத் திறந்திருந்தாள் என்று அத்தாயி சொல்கிறாள். நான் கவனிக்கவில்லை.

பிழைத்துக்கொண்டாள், அது தேவகிருபை. நேற்றுக் காலை நான் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த உங்கள் பெண் காவலர் ஐந்து நிமிடம் என்று உள்ளே விட்டார். அத்தாயி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். டெபோரா என்னைப் பார்த்தாள். அவளுடைய நல்ல கை அத்தாயியின் முந்தானையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "வேண்டாம்" என்றாள். திக்காமல், முழுதாக. விபத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் சொல் அது.

அத்தாயியும் நர்ஸும் ஏன் அப்படி என்னையே பார்த்தார்கள் என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கஞ்சி பிடிக்காது மேடம். கஞ்சியைத்தான் சொன்னாள்.